அலாரத்தை மாற்றி வைக்கும் வீட்டுப்பாடம்

சுகுணா டீச்சருக்கும் கடிகாரத்துக்கும் போன பிறவியிலேயே ஏதோ உறவு இருந்திருக்க வேண்டும். திருக்கோகர்ணத்தில் அவர் வாசல் தெளிக்கும் சத்தத்தைக் கேட்டுத்தான் அந்தத் தெருவின் பால்காரர் தன் வாட்சைத் திருத்திக்கொள்வார். கீரமங்கலம் பஸ் டிரைவர் ஒரு நாள் டீச்சர் ஏறுவதற்கு முன்னாலேயே வண்டியை எடுத்துவிட்டாராம். ஆலங்குடி தாண்டும்போது அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "டீச்சரே இன்னும் வரலைன்னா நம்ம வாட்சுதான் தப்பு" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து பஸ் ஸ்டாண்டில் நிறுத்தினார் என்று சொல்வார்கள். இதில் பாதியாவது உண்மை. மீதிப் பாதியை நம்பினாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

டீச்சர் வேலை பார்த்தது கீரமங்கலத்தை ஒட்டிய ஒரு சின்ன ஊரில், ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில், மூன்றாம் வகுப்பில். சுற்றிலும் மல்லிகைத் தோட்டங்கள். பூ மொட்டாக இருக்கும்போதே பறித்துவிட வேண்டும் என்பதால், அந்த ஊரில் சேவல் கண் விழிக்கும்போது மனிதர்கள் பாதி வேலையை முடித்திருப்பார்கள். நெற்றியில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு செடிகளுக்கு நடுவே அவர்கள் குனிந்து நிமிர்வதைத் தூரத்திலிருந்து பார்த்தால், வானத்து நட்சத்திரமெல்லாம் கீழே இறங்கிப் பூப்பறிக்கிறதோ என்று தோன்றும்.

அப்படிப்பட்ட ஊர்ப் பிள்ளைகளுக்கு முற்பகல் எது, பிற்பகல் எது என்று சொல்லிக் கொடுப்பதற்குள் டீச்சருக்குத் தலை நரைத்துவிடும் போலிருந்தது.

"ஒரு நாளைக்கு எட்டு மணி எத்தனை தடவ வரும்?" என்று கேட்டார்.

"ரெண்டு தடவ டீச்சர்" என்றது வகுப்பு.

உதயசூரியன் எழுந்து நின்றான். "ரெண்டு எதுக்கு டீச்சர்? ஒண்ணை எடுத்துட்டா என்ன?"

"எதைடா எடுக்கச் சொல்றே?"

"காலை எட்டை எடுத்துருங்க. ஸ்கூலுக்குக் கெளம்ப வேண்டியிருக்காது."

சிரிப்பு அடங்குவதற்குள் சிவபிரகாஷ் எழுந்தான். இவன் வக்கீலாகப் போகப் பிறந்தவன். "டீச்சர், எங்கப்பா மூணு மணிக்குப் பூவெடுக்கப் போவாரு. அப்ப கும்மிருட்டா இருக்கும். இருட்டுன்னா ராத்திரிதானே? ராத்திரின்னா பி.ப.தானே?"

"இருட்டு வெளிச்சத்தப் பாக்காதே சிவபிரகாஷ். நடுராத்திரி தாண்டிருச்சுன்னா மு.ப. உச்சிவெயில் தாண்டிருச்சுன்னா பி.ப."

"அப்ப எங்கப்பா மு.ப.வுலயே எந்திரிச்சு, மு.ப.வுலயே பூவெடுத்து, மு.ப.வுலயே வித்துட்டு வந்து, மு.ப.வுலயே படுத்துத் தூங்குறாரே. அவருக்குப் பி.ப.வே கெடையாதா டீச்சர்?"

டீச்சர் விடவில்லை. தரையில் ஒரு மாட்டு வண்டிச் சக்கரம் அளவுக்குக் கடிகாரம் வரைந்தார். ஒரு பிள்ளை சின்ன முள்ளாகப் படுத்தது, இன்னொன்று பெரிய முள்ளாகப் படுத்தது. மஞ்சள் துண்டைப் போர்த்திக்கொண்டு ஒரு கூட்டம் முற்பகலாக நின்றது, நீலத் துண்டைப் போர்த்திக்கொண்டு மற்றொரு கூட்டம் பிற்பகலாக நின்றது. முள் நகர நகர, "பல்லு வெளக்குறது!" என்றால் மஞ்சள் குதிக்கும்; "டிவி பாக்குறது!" என்றால் நீலம் குதிக்கும். ஒரு வாரம் நடந்த இந்தக் கூத்தில் ஊரே கெட்டுப்போனது. "அப்பத்தா, மு.ப. வெத்தல போட்டியே, பி.ப. வெத்தல போட்டாச்சா?" என்று பிள்ளைகள் வீட்டில் கேட்க ஆரம்பித்தன. கன்றுக்குட்டிகூட மு.ப. பால், பி.ப. பால் என்று பிரித்துக் குடித்ததாக ஒரு பேச்சு.

வகுப்பிலேயே கெட்டிக்காரி சுடர்விழி. இரட்டைச் சடை, முன்பல் ரெண்டும் விழுந்த வாய். எந்த நேரத்தைச் சொன்னாலும் இமைப்பதற்குள் சரியான பக்கத்தில் போய் நிற்பாள். அவளுடைய அம்மா காவ்யாவை டீச்சருக்கு நன்றாகவே தெரியும். பள்ளிக்கூடத்துக் கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, முந்தானைக்குள் ஏதாவது புத்தகத்தை மறைத்து வைத்துப் படித்துக்கொண்டிருப்பாள். குரூப் ஃபோர் தேர்வுக்குப் படித்தாள். போன தடவை மயிரிழையில் போய்விட்டது. புருஷன் முத்துராஜ் துபாயில். மாமனார் வீரய்யாவுக்குக் கீரமங்கலத்தில் பூக் கமிஷன் கடை. "ஆத்தா, இன்னொரு தடவ எழுதிப் பாரு. கெடச்சா கவர்மெண்டு உத்தியோகம். கெடைக்கலையா, மறுநாளே கடைக்கு வந்து தராசப் புடி. அப்புறம் பரீட்ச கிரீட்சன்னு பேசப்படாது" என்று அவர் சொல்லியிருந்தார். மருமகளைப் படிக்க விட்டாரே என்று ஊர் அவரைப் பெரிய மனதுக்காரர் என்றது, அது பொய்யுமில்லை. அந்த இன்னொரு தடவைதான் வரும் ஞாயிற்றுக்கிழமை.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் டீச்சர் வீட்டுப்பாடம் கொடுத்தார்.

"எல்லார் வீட்லயும் போன் இருக்குல்ல? அதுல அலாரம் இருக்கும். மு.ப.வுல இருக்கிற அலாரத்தப் பி.ப.வா மாத்தணும். பி.ப.வுல இருக்கிறத மு.ப.வா மாத்தணும். எப்ப அடிக்குதுன்னு காதால கேட்டுட்டு வந்து திங்கக்கிழமை சொல்லணும்."

"ஓய்!" என்று வகுப்பு கூரையைப் பிய்த்தது. போனைத் தொடுவதே வீட்டுப்பாடமா! இப்படியும் ஒரு டீச்சர் உண்டா!

"இருங்க, இருங்க. போனக் கீழ போடக் கூடாது. யாருக்கும் கால் பண்ணக் கூடாது. வாட்ஸ்அப்புல யார் போட்டோவுக்கும் பூப் போடக் கூடாது. முக்கியமா..."

மணி அடித்துவிட்டது.

சுகுணா டீச்சர் மணி அடித்த பிறகு ஒரு எழுத்துகூடப் பேசியதாகச் சரித்திரம் கிடையாது. ஒரு முறை 'வணக்கம்' சொல்லும்போது மணி அடித்ததால் 'வண'வோடு நிறுத்திக்கொண்டார் என்று தலைமையாசிரியர் கேலி செய்வார். அன்றும் அப்படித்தான். முக்கியமாக என்ன சொல்ல வந்தார்? பெரியவர்களைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள், மாற்றியதைப் பழையபடி வைத்துவிடுங்கள் என்றுதான். அது தொண்டையிலேயே நின்றது. டீச்சர் பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். நாளை மறுநாள் திருக்கோகர்ணத்தில் ஒரு பள்ளியில் தேர்வு வேலை அவருக்கு. ஆள் பற்றாக்குறை என்று, அவரைப் பிடித்து வாசலில் ஹால் டிக்கெட் பார்க்கப் போட்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வாசல் கேட்டில் டீச்சர் நின்ற நிற்பைப் பார்த்தால், எல்லைச்சாமி லீவு போட்டுவிட்டு டீச்சரை அனுப்பியிருக்கிறதோ என்றிருக்கும். ஹால் டிக்கெட், அடையாள அட்டை, கறுப்பு மைப் பேனா எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து உள்ளே விட்டார். ஒன்பது அடித்ததும், "பூட்டுங்க" என்றார் காவலரிடம். பூட்டு விழுந்தது. அதற்குப் பிறகு கலெக்டரே வந்தாலும் திறக்கக் கூடாது என்பது சட்டம்.

பூட்டின சூடு ஆறுவதற்குள் ஒரு ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவள் காவ்யா. தலை பின்னவில்லை, கொண்டையாக முடிந்து போட்டிருந்தாள். ஒரு காலில் ஒரு ஜோடியின் செருப்பு, மறு காலில் வேறு ஜோடியின் செருப்பு. கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர்! நான் சுடர் அம்மா. டீச்சர், மொதப் பஸ்ஸ விட்டுட்டேன். அடுத்தது புதருக்குப் புதர் நின்னு வந்துச்சு. கொஞ்சம் சொல்லுங்க டீச்சர்."

"நான் தொறக்க முடியாதும்மா. ரூல்ஸ் அப்படி."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த நேரத்தில் ஒரு மணி அடித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! அடிக்கவில்லை. டீச்சர் பேசினார்.

"என் கிளாஸ் புள்ளைகளுக்கே காலை எது, சாயங்காலம் எதுன்னு இப்பத் தெரியும் காவ்யா. ஒங்க மகளுக்கு அத்துப்படி. நேரத்தோட அரும ஒங்களுக்குத் தெரியாமப் போச்சே."

பக்கத்தில் நின்ற காவலர் சிரித்துவிட்டார். உள்ளே வினாத்தாள் பிரிக்கும் மணி அடித்தது. காவ்யா அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு கம்பியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, ஒற்றைச் செருப்பு ஒரு மாதிரியும் மற்றொன்று வேறு மாதிரியும் சத்தம் போட, பஸ் வரும் பக்கம் போனாள்.

திங்கட்கிழமை வகுப்பு சந்தைக்கடையாக இருந்தது. எல்லோருக்கும் சொல்ல ஒரு கதை இருந்தது.

"டீச்சர், எங்கப்பா திரீ பேஸ் கரண்டுக்கு வச்ச அலாரத்த மாத்திட்டேன்" என்றான் சிவபிரகாஷ். "கரண்டு வந்தது தெரியாமத் தூங்கிட்டாரு. மத்தியானம் அலாரம் அடிச்சு, ஓடிப் போயி மோட்டாரப் போட்டா கரண்டு இல்ல. ஈ.பி. ஆபீசுக்கே போன் போட்டுச் சண்ட போட்டாரு."

"எங்க மாமா மாத்திர சாப்பிடுற அலாரம் டீச்சர்" என்றான் உதயசூரியன். "நடுச்சாமத்துல எந்திரிச்சு, மத்தியானச் சோறு எங்கன்னு கேட்டாரு. அத்த வெளக்குமாத்த எடுத்துருச்சு."

டீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாக்பீஸ் கையிலேயே ஒடிந்தது. இப்படி உயிரோடு ஒரு பாடம் இந்த மாவட்டத்திலேயே நடந்திருக்காது என்று அவர் மனசு பூரித்தது.

"சுடர், நீ?"

சுடர்விழி கையைக் கட்டிக்கொண்டு, ஒப்பிப்பதுபோல் சொன்னாள். "எங்கம்மா போன்ல மு.ப. நாலுன்னு இருந்துச்சு டீச்சர். சனிக்கிழமை பி.ப. நான் அத பி.ப. நாலா மாத்துனேன். ஞாயித்துக்கிழமை பி.ப. நாலுக்குக் கரெக்டா அடிச்சுச்சு. அம்மா போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. நான்தான் போயி ஆஃப் பண்ணுனேன்."

"சூப்பர்!" என்று வகுப்பு கைதட்டியது.

டீச்சரின் சிரிப்பு முகத்திலேயே இருந்தது, எடுக்க மறந்துபோய்விட்டது. பிள்ளை தவறாக ஒன்றும் செய்யவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறாள். வகுப்பில் வேறு யாரும் இவ்வளவு தப்பில்லாமல் சொல்லவில்லை.

"சரியா டீச்சர்?" என்றாள் சுடர்விழி.

"சரி" என்றார் டீச்சர். "சரியாத்தான் செஞ்சிருக்கே."

அன்று மாலை அவர் பஸ்ஸுக்குப் போகவில்லை. வீரய்யா வீட்டுக்கு நடந்தார். வழியெல்லாம் அந்த வாக்கியத்தை, மணி முழுங்கிவிட்ட அந்த வாக்கியத்தை, வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். இரண்டே மூச்சில் சொல்லி முடிக்கலாம். அதைவிடக் கேட்டில் நின்று காவ்யாவிடம் சொன்னது ரொம்ப நீளம்.

வீரய்யா வாசலில் வாழைநாரைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டிருந்தார். "வாங்க டீச்சர், வாங்க! சுடர் எதும் சேட்டை பண்ணுதா?"

"இல்லங்க. சும்மா பாத்துட்டுப் போலாம்னு."

"ஆத்தா காவ்யா, டீச்சர் வந்திருக்காக. காப்பி போடு." பிறகு டீச்சர் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "வெசயம் தெரியுமா? எங்க மருமக பரீட்சைக்கே தூங்குன மகராசி! நேத்து முகூர்த்த நாளு, நானும் அவ அத்தையும் ரெண்டு மணிக்கே கடைக்குக் கெளம்பிட்டோம். கதவக்கூடச் சத்தமில்லாமச் சாத்துனோம். பாவம், படிச்ச புள்ள, அலாரம் வச்சிருக்கு, அது வரைக்கும் கண்ணயரட்டும்னு. வெயிலு மூஞ்சியில அடிக்கிற வரைக்கும் தூங்கியிருக்கா டீச்சர்! இனிமே இவ பேரு காவ்யா இல்ல, தூங்குமூஞ்சி. கடையில எல்லாருக்கும் சொல்லியாச்சு."

சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. டீச்சருக்கு அதுதான் தாங்கவில்லை.

அடுப்படியில் காவ்யா காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தாள். டீச்சர் அவள் பக்கத்தில் போய் நின்றார். "காவ்யா, அந்த அலாரம்..."

"தெரியும் டீச்சர்."

"எப்போ?"

"நேத்து சாயங்காலம். அடிச்சப்பவே."

"நான்தான் அந்த வீட்டுப்பாடத்தக் குடுத்தேன். மாத்துனதப் பழையபடி வச்சிருங்கன்னு சொல்ல வந்தேன். சொல்லாமப் போயிட்டேன். கேட்டுல நின்னு அப்படி ஒரு வார்த்த வேற சொன்னேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு..."

"கேட்டை நீங்களா பூட்டுனீங்க? அத விடுங்க டீச்சர்."

"விட முடியல. நான் இப்பவே ஒங்க மாமாகிட்டப் போயி நடந்தத நடந்தபடி சொல்றேன். தப்பு என்னோடது. அடுத்த தடவ எழுத அவரு கட்டாயம் விடுவாரு."

"விடுவாக" என்றாள் காவ்யா. "நல்ல மனுசன். விசயம் இப்படின்னு தெரிஞ்சா, போ ஆத்தா, இன்னொரு தடவ எழுதுன்னுதான் சொல்லுவாக."

"அப்புறம் என்ன?"

காவ்யா காப்பியை டம்ளரில் ஊற்றினாள். "எங்க மூத்த நாத்தனா ஒருத்தவுக இருக்காக டீச்சர். ஆறு வயசுல பால் பானையத் தட்டி விட்டுட்டாகளாம். மாமா அன்னைக்கு வச்ச பேரு பால்கொட்டி. இப்பப் பேரன் எடுத்தாச்சு. அந்தப் பேரனோட காதுகுத்துப் பத்திரிகைய எடுத்துப் பாருங்க, அவுக பேருக்குப் பக்கத்துல பால்கொட்டின்னு அடிச்சிருக்கும். இல்லைன்னா சொந்தக்காரவுகளுக்கு யாருன்னே தெரியாதாம். இந்த வீட்ல பேரு வச்சா அது சாகுற வரைக்கும் ஒட்டும்."

காவ்யா டம்ளரை டீச்சர் பக்கம் நகர்த்தினாள்.

"சுடருதான் மாத்துனான்னு மாமாவுக்குத் தெரிஞ்சா அடிக்க மாட்டாக, வைய மாட்டாக. சிரிப்பாக. சிரிச்சுக்கிட்டே, ஆத்தா வேலையத் தின்னவளுன்னு ஒரு பேரு வைப்பாக. கடைக்கு வர்றவுக கூப்புடுவாக. பள்ளிக்கூடத்துப் புள்ளைக கூப்புடும். கல்யாணத்துல கூப்புடுவாக. அவ எத்தனை வருசம் அதத் தூக்கிக்கிட்டு அலைவா? தூங்குமூஞ்சிங்குறது என்ன டீச்சர், சின்னப் பேருதான். நான் வச்சுக்கிறேன்."

"புள்ள பேரச் சொல்லாம, என் தப்புன்னு மட்டும் சொன்னா?"

"அலாரம் தானா மாறுச்சான்னு அடுத்த கேள்வி வரும். இந்த வீட்ல ஒரு சேதி ஒரு காப்பி ஆறுற நேரம்கூடத் தங்காது. சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க டீச்சர்."

தப்பை ஒத்துக்கொண்டால் மனசு லேசாகிவிடும் என்று நினைத்து வந்தவர் டீச்சர். ஒத்துக்கொள்ளவும் விடாமல் அதை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள் இந்தப் பெண். சொன்னால் தாய்க்கு ஒரு தேர்வு கிடைக்கும். மகளுக்கு ஒரு பேர் கிடைக்கும். சொல்லாவிட்டால் எல்லாம் இப்படியே இருக்கும். எத்தனையோ வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார். அவருக்கு யாரும் இப்படி ஒன்றைக் கொடுத்ததில்லை.

"சொல்ல மாட்டேன்" என்றார்.

அந்த நேரம் பார்த்துச் சுடர்விழி உள்ளே ஓடி வந்தாள். கையில் சோப்பு அட்டையை வெட்டிச் செய்த ஒரு கடிகாரம். ஈர்க்குச்சிகள் முள்ளாக இருந்தன.

"டீச்சர்! நீங்க இங்கயா இருக்கீங்க? எங்கம்மாவுக்கு நேரம் சொல்லித் தரப் போறேன். அம்மாவுக்குத் தெரியல. அதான் பரீட்சைய விட்டுட்டாங்க. தாத்தா சொன்னாரு." அம்மாவைப் பிடித்து இழுத்து அரிசி மூட்டை மேல் உட்கார வைத்தாள். "அம்மா, இங்கிட்டுப் பாரு. பரீட்சைக்குப் போறது மு.ப.வா, பி.ப.வா?"

காவ்யா மகளைப் பார்த்தாள். கொஞ்சம் யோசிப்பதுபோல் செய்தாள்.

"பி.ப.வோ?"

"தப்பு!" சுடர்விழிக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பல்லில்லாத வாய் காதுவரை போனது. "டீச்சர், பாருங்க, அம்மாவுக்கு இதுகூட வரல. நீங்க சொல்லிக் குடுங்க."

அட்டைக் கடிகாரத்தை டீச்சர் கையில் திணித்தாள். டீச்சர் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்த ஊருக்கே நேரம் கற்பித்தவருக்கு ஈர்க்குச்சியை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை.

"ஒங்கம்மாவுக்கு நல்லாத் தெரியும் சுடர்" என்றார் கடைசியில். மெய்யாகச் சொல்ல அவருக்கு அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

"தெரிஞ்சா ஏன் தூங்குனாங்க?"

வாசலிலிருந்து வீரய்யா, "அப்படிக் கேளுடி என் ராசாத்தி!" என்று சிரித்தார்.

காவ்யா மகளின் சடையைப் பிடித்து மெல்லத் தன் பக்கம் இழுத்தாள்.

"இனிமே தூங்க மாட்டேன்டி. நாளையிலருந்து தாத்தாகூடக் கடைக்குப் போறேன்ல? நீங்க எல்லாம் எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே போயிருவேன்."

"எத்தன மணிக்கு?"

"ரெண்டுக்கு."

சுடர்விழி டீச்சர் கையிலிருந்து கடிகாரத்தை வாங்கினாள். சின்ன முள்ளை இரண்டில் வைத்தாள். வைத்துவிட்டு, தெரிந்ததையே ஒரு தடவை உறுதிப்படுத்திக்கொள்கிறவள்போல் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"இருட்டா இருக்கும். ஆனா மு.ப.தானே?"

"ஆமாடி" என்றாள் காவ்யா. "மு.ப.தான்."